கூடவே நிற்கிற தோழியை எழுதுவது: பதின்பருவக் காதல் நாடகத்துக்கு ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்காக நாற்பது நிமிட நாடகம் ஒன்று எழுதினேன். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண், அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள் சுருட்டிக்கொள்கிற ஒரு பையன், அவளுடைய தோழி. மூன்றாவது காட்சியில் தோழி முன்னால் வந்து, “உன் சுயமரியாதையை இழக்காதே. இது அன்பு இல்லை, அடிமைத்தனம்” என்று முழங்குவாள். அரங்கில் பலத்த கைதட்டல். ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது.

நாடகம் முடிந்து ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருத்தியாக நடித்த பிளஸ் ஒன் பெண் சொன்னாள்: “அவ பேசினதெல்லாம் சரிதான் மிஸ். ஆனா நெஜத்துல ஒருத்தி அப்படிப் பேசினா, மறுநாள்லேர்ந்து அவகிட்ட எதையும் சொல்ல மாட்டோம்.”

நான் எழுதியது தோழியை அல்ல, சுவரொட்டியை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அந்த நாடகத்தை மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறேன். அப்படித் திருத்தியபோது கற்றதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். பேசுவதற்கு வசதியாக, கடைசியாக எழுதிய வடிவத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கதை நடப்பது திண்டுக்கல்லில். யாழினி, தருண் இருவருக்கும் பதினேழு வயது, ஒரே டியூஷன். ரம்யா, யாழினியின் பக்கத்து வீட்டுத் தோழி. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. பெனாசிர், வகுப்புத் தோழி. கோகுல், தருணின் நண்பன்.

முதல் படி: தோழியைத் தொடாதீர்கள், பையனின் பட்டியலை எழுதுங்கள்

உறவில் என்ன கோளாறு என்பது எழுதுகிறவருக்கே மங்கலாக இருந்தால், நண்பர்கள் எல்லாரும் மங்கலாகத்தான் பேசுவார்கள். “அவன் அவளைக் கட்டுப்படுத்துகிறான்” என்பது கருத்து. அதை மேடையில் நடிக்க முடியாது. தேதி வாரியாக, செயல் செயலாக எழுதுங்கள்.

எங்கள் பட்டியல் இப்படிப் போனது. ஜூனில் இரவு ஒரு மணி வரை பேச்சு, அவளுக்கு அது சந்தோஷம். ஜூலையில் “ப்ளூ டிக் வந்துச்சு, ஏன் பதில் இல்ல?” ஆகஸ்டில் போனின் பாஸ்வேர்ட் கேட்கிறான், “ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா குடுக்க வேண்டியதுதானே.” செப்டம்பரில் லொகேஷனை எப்போதும் பகிர்ந்து வைக்கச் சொல்கிறான். அப்புறம் டியூஷனில் காலை பேட்ச்சுக்கு மாறச் சொல்கிறான், ஏனென்றால் மாலை பேட்ச்சில் பையன்கள் அதிகம். சண்டை வந்தால் இரண்டு நாள் பேசமாட்டான். மூன்றாம் நாள் பரிசோடு வருவான். கடைசியில், “நீ போனா நான் இருக்க மாட்டேன்.”

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சின்ன விஷயம். யாராவது கேட்டால் அவளாலேயே நியாயப்படுத்திவிட முடியும். நண்பர்களுக்கு வேலை இருப்பதே அதனால்தான்.

இரண்டாம் படி: யாருக்கு எது தெரியும் என்று பங்கு போடுங்கள்

இதுவரை நான் கண்டுபிடித்ததில் மிகவும் உதவிய உத்தி இதுதான். எந்த நண்பருக்கும் முழுக்கதை தெரியக்கூடாது.

ரம்யாவுக்குத் தெரிந்தது: யாழினி மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பெனாசிருக்குத் தெரிந்தது: பேட்ச் மாறிவிட்டாள், மதியம் சாப்பிடும்போதும் போனை மடியில் வைத்திருக்கிறாள். கோகுலுக்குத் தெரிந்தது: தருண் அவளைப் பற்றி நண்பர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்பது. மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டை வைத்திருக்கிறார்கள். ரம்யாவுக்கும் பெனாசிருக்கும் ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் அந்தத் துண்டுகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

இப்படிப் பிரித்தவுடன் நாடகம் தானாக நகர ஆரம்பிக்கிறது. பார்வையாளருக்கு மட்டும் மூன்று துண்டும் தெரியும். “அடியே, அவகிட்டப் போய்க் கேளேன்” என்று அவர்கள் மனசுக்குள் கத்தவேண்டும். ரம்யாவும் பெனாசிரும் முதன்முதலில் சேர்ந்து உட்காருகிற காட்சி எங்கள் நாடகத்தில் இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் வரும். அதில் யாழினியே இல்லை. ஆனால் அதுதான் அவளுக்கு நடந்த பெரிய உதவி.

நண்பர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், நாற்பது நிமிடத்துக்கு மூன்று போதும். நான்காவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் வெறுமனே நின்றுகொண்டிருப்பார். பள்ளியில் எல்லாருக்கும் வேஷம் கொடுத்தாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அவர்களைப் பேருந்துக் கூட்டமாக, டியூஷன் வகுப்பாக வையுங்கள். நண்பர்களாக ஆக்காதீர்கள்.

மூன்றாம் படி: தோழிக்கும் ஒரு காயம் இருக்கட்டும்

“நல்லவள், புத்திசாலி, தைரியமானவள்” என்று பாத்திரக் குறிப்பு எழுதினால் அங்கேயே நாடகம் படுத்துவிடும். அவளுக்கு என்ன வேண்டும்? உதவப் போனால் எதை இழப்பாள்? அவள் கொடுக்கிற யோசனை எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது கேள்விக்குச் சிலப்பதிகாரத்தின் தேவந்தியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கோவலன் மாதவியிடம் போய்விட்டான். கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உண்மையான அக்கறையோடுதான் பேசுகிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம், வா, போய் வருவோம். கண்ணகி சொல்கிற பதில் இரண்டே சொல்: “பீடு அன்று.” அது பெருமை இல்லையாம். தேவந்தி ஏன் அப்படிச் சொன்னாள்? அவளே கணவனால் விட்டுப்போகப்பட்டவள். தீர்த்தம் ஆடப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவனைத் திருப்பித் தரும்படி வேண்டிக் கோயிலில் வழிபாடு செய்துகொண்டிருப்பவள். தன் புண்ணுக்குப் போட்டுக்கொண்ட மருந்தைத்தான் தோழிக்கும் நீட்டுகிறாள். அன்பும் உண்மை, யோசனை பொருந்தாததும் உண்மை.

அதேபோல் ரம்யாவுக்கு ஒரு அக்காவைக் கொடுத்தோம். அக்காவின் காதல் வீட்டில் தெரிந்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அதனால் ரம்யாவுக்கு ஒரே பயம்: வீட்டுக்குத் தெரியக்கூடாது. “யாருக்கும் சொல்லாத, நாமே பாத்துக்கலாம்” என்கிற அவளுடைய யோசனை அங்கிருந்து வருகிறது. அது தவறான யோசனையாகவும் இருக்கலாம். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது புரியும். நம் ஊரில் இந்தப் பயத்தை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது. சாதி வேறாக இருந்துவிட்டால் பயம் இன்னும் பெரிது. “அம்மா அப்பாகிட்ட சொல்லிடு” என்று சுலபமாக ஒரு வரி எழுதுகிறவர் இந்த ஊரில் வளர்ந்தவராக இருக்கமாட்டார்.

பெனாசிருக்கு இழப்பு வேறு வகை. அவளுக்கு இந்த வகுப்பில் இருக்கிற ஒரே நெருக்கம் யாழினிதான். கோபித்துக்கொண்டால் சாப்பிடும்போது தனியாக உட்காரவேண்டும். சின்ன விஷயமாகத் தெரிகிறதா? பதினேழு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

நான்காம் படி: தோழி முதலில் தப்புச் செய்யட்டும்

அகப்பாடல் மரபில் இரண்டு துறைகள் உண்டு. தோழி தலைவனின் குணத்தைக் குறைசொல்வது இயற்பழித்தல். அதைக் கேட்டதும் தலைவி அவனுடைய நல்ல குணத்தை எடுத்துச் சொல்வது இயற்பட மொழிதல். பள்ளிப் பாடத்தில் பலர் படித்திருக்கக்கூடிய “நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று” என்ற குறுந்தொகைப் பாட்டு அப்படி வந்ததுதான். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் மணம் முடிக்கட்டும் என்று தோழி அவனைப் பழிக்கிறாள். உடனே தலைவி, அவனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரிது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்கிறாள்.

அந்தத் தலைவன் நல்லவன். தோழி பழித்ததும் ஒரு தந்திரம். ஆனால் மனித மனம் வேலை செய்கிற விதம் இரண்டாயிரம் வருடமாக மாறவில்லை. நம் தோழி அவனைத் திட்டினால், நம் யாழினியும் நிலம், வானம், கடல் எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்துவிடுவாள். “அவனுக்கு அப்பா இல்லடி. என்னை விட்டா யாரும் இல்ல. உனக்கு அவனத் தெரியாது.” ஒவ்வொரு வாதத்துக்கும் அவள் ஒரு பதில் தயாரிக்கிறாள். தயாரிக்கத் தயாரிக்க அதை அவளே நம்புகிறாள். பையனுக்கும் இது வசதி: “உன் ஃப்ரெண்ட்ஸுக்கு நம்ம மேல பொறாமை.”

ஆகவே முதல் பாதியில் தோழி அவனைத் திட்டட்டும். நன்றாக, நியாயமாக, பார்வையாளர் கைதட்டும்படி திட்டட்டும். அடுத்த காட்சியில் அதன் விளைவைக் காட்டுங்கள். எங்கள் நாடகத்தில் பெனாசிர் டியூஷன் வாசலில் எல்லார் முன்னாலும் தருணை வாங்கு வாங்கென்று வாங்குவாள். அரங்கம் அதிரும். அடுத்த காட்சி, மதிய இடைவேளை: பெனாசிர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள். யாழினி வேறு பெஞ்சில் போய் உட்காருவாள். ஒரு வசனமும் கிடையாது. கைதட்டியவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: வசனம்

இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும். முதல் வடிவத்தில் நான் எழுதியது:

ரம்யா: அவன் உன்னைச் சந்தேகப்படுகிறான். இது ஆரோக்கியமான உறவு இல்லை. நீ உடனே விலகிவிடு.

இதில் மூன்று தீர்ப்பு இருக்கிறது, ஒரு மனுஷிகூட இல்லை. கடைசி வடிவத்தில் அதே இடம், பஸ் ஸ்டாப்பில்:

ரம்யா: (முறுக்கை நீட்டி) இந்தா. அம்மா சுட்டது.
யாழினி: வேணாம். (போனைப் பார்க்கிறாள்.)
ரம்யா: நேத்தும் மாடிக்கு வரல.
யாழினி: தலவலி.
ரம்யா: ம். (இடைவெளி.) சார்ஜ் எவ்ளோ இருக்கு?
யாழினி: எதுக்குக் கேக்குற?
ரம்யா: சும்மாதான். தீந்துபோச்சுன்னா என்ன ஆகும்?
யாழினி: (சட்டென்று) தீராது. பவர் பேங்க் இருக்கு.
ரம்யா: பவர் பேங்க்கா? எப்ப வாங்கின?
யாழினி: அவன் குடுத்தான்.
(பஸ் வரும் சத்தம். இருவரும் பேசவில்லை.)
ரம்யா: இன்னிக்கு மாடில மொளகா காயப்போட்டிருக்கு. ஆறு மணிக்கு அள்ளப் போவேன். வந்தா வா.

ரம்யா அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பரிசு எதற்கு என்று அரங்கத்துக்குப் புரிந்துவிடும். யாழினிக்கும் உள்ளே எங்கோ குத்தும். தன் வாயாலேயே சொன்னாள் அல்லவா?

இப்படி எழுத எனக்கு உதவிய விதிகள் சில. தோழி கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லட்டும். “நீ மாறிட்ட” என்பது தீர்ப்பு, “நேத்தும் மாடிக்கு வரல” என்பது பார்த்தது. தீர்ப்புக்கு எதிர்த்துப் பேசலாம், பார்த்ததற்கு எதிர்த்துப் பேச எதுவும் இல்லை. கேள்வி கேட்டால், விடை தெரியாத கேள்வியாகக் கேட்கட்டும். “இது உனக்கே சரின்னு படுதா?” என்று கேட்பது கேள்வி மாதிரி வேஷம் போட்ட திட்டு. அப்புறம் காட்சியை முடிக்கும்போது ஒரு அழைப்பு இருக்கட்டும், இடமும் நேரமும் சேர்த்து. “எப்ப வேணா என்கிட்ட வா” என்று சொன்னால் யாரும் வருவதில்லை. “ஆறு மணிக்கு மாடில இருப்பேன்” என்றால், ஆறு மணி ஆனதும் நினைவு வரும்.

பேச்சு மொழியை நடிக்கிற பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். நான் “விரல்” என்று எழுதினால் அவர்கள் “வெரலு” என்பார்கள். அதில் நான் தலையிடுவதில்லை. ‘டாக்ஸிக்’ என்ற வார்த்தையை மட்டும் இந்த நாடகத்தில் தடை செய்தேன். பிள்ளைகள் நிஜத்தில் அதைச் சொல்கிறார்கள்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் பிறகு எதையும் விவரிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. நடிகை சோம்பேறி ஆகிவிடுகிறாள்.

ஆறாம் படி: பையனின் நண்பனை மறக்காதீர்கள்

இந்த வகை நாடகங்களில் அடிக்கடி காணாமல் போகிறவன் கோகுல். தருணோடு கூடவே திரிகிறான், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறான், அவ்வளவுதான். ஆனால் தருணிடம் பேசக்கூடிய ஒரே ஆள் அவன்தான். தருணுக்கும் ஒரு நண்பன் தேவை.

கோகுலைத் திடீரென்று நியாயவானாக மாற்றவேண்டாம். எங்கள் கோகுல் முதலில் உளவு பார்ப்பவன்: “உன் ஆளு பஸ்ல எவன்கூடவோ பேசிட்டிருந்தா மச்சி.” விளையாட்டாகச் சொன்னது. அன்று இரவு யாழினிக்கு அது என்ன பாடு கொடுத்தது என்று அவனுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு அவன் செய்கிற ஒரே காரியம், டீக்கடையில் தருண் திரும்பத் திரும்ப போன் போடும்போது எண்ணுவது. “பதினொண்ணு. பன்னெண்டு. மச்சி, அவ எடுக்கல. வாடா, டீ ஆறுது.” தருண் சட்டையைப் பிடிக்கிறான். கோகுல் திருப்பி அடிக்கவும் இல்லை, போய்விடவும் இல்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். பையன்கள் கூட்டத்தில் ஒருவன் சிரிக்காமல் இருப்பதே பெரிய காரியம் என்று ஒத்திகையில் பையன்களே சொன்னார்கள்.

பெண் பையனைக் கட்டுப்படுத்துகிற கதையாகவும் இதை எழுதலாம். அப்போது நண்பர்களின் கேலிதான் பெரிய தடை: “பொண்டாட்டி கூப்டுறாடா, ஓடு.” பாதிக்கப்பட்ட பையனின் நண்பனை எழுதுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவனுக்குப் பேசவே வார்த்தை இருக்காது.

ஏழாம் படி: பெரியவர்களிடம் போகிற இடம்

“யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு.” இந்த வரி உங்கள் நாடகத்தில் கட்டாயம் வரும். தோழி சத்தியத்தை எப்போது உடைக்கிறாள் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் உச்சம். எங்கள் நாடகத்தில், “நான் இருக்க மாட்டேன்” என்ற மிரட்டல் வந்த இரவில். அதற்கு மேல் அது பதினேழு வயதுப் பிள்ளைகள் சுமக்கிற சுமை இல்லை. தருணுக்கும் உதவி தேவைப்படுகிற இடம் அது.

எப்படிச் சொல்வது என்பதற்கு மீண்டும் சங்கத் தோழியிடம்தான் போகவேண்டும். மகள் ஏன் மெலிகிறாள் என்று அறியத் தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டில், அங்கே நிற்கிற தோழி குறிசொல்பவளிடம், “இன்னும் பாடுக பாட்டே, அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே” என்கிறாள். ‘அவர்’ என்ற ஒரு சொல் போதும், யார் அந்த ‘அவர்’ என்று தாய் கேட்டாகவேண்டும். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். எங்கள் பெனாசிரும் உயிரியல் மிஸ்ஸிடம் நோட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு நகராமல் நிற்பாள். “வேற என்ன?” “ஒண்ணுமில்ல மிஸ். யாழினிக்குக் காலை பேட்ச் ஏன் மாத்தினாங்கன்னு நீங்க கேட்டீங்களா?”

அந்த மிஸ் என்ன செய்யவேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். கத்துகிற ஆசிரியர் வேண்டாம், ஒரே பேச்சில் எல்லாவற்றையும் சரிசெய்கிற ஆசிரியரும் வேண்டாம். உதவி எண்களைச் சொல்வதென்றால் காட்சிக்குள் வைத்துச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வி உதவி மையம் 14417, மனநல உதவிக்கு 14416. ரம்யா அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவாள், வியர்வையில் பாதி அழிந்திருக்கும். கடைசி இலக்கம் ஆறா ஏழா என்று இருவரும் உற்றுப் பார்ப்பார்கள். நாடகம் முடிந்து மைக்கில் அறிவித்ததைவிட அந்த எண்தான் பிள்ளைகளுக்கு நினைவிருந்தது. இன்னொன்று: கதையில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் அத்துமீறல் வந்தால் போக்சோ சட்டம் வந்துவிடும். தெரிந்தவர் புகார் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காத பெரியவருக்குத் தண்டனை உண்டு. குழந்தைக்கு அந்தத் தண்டனை இல்லை. “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா” என்று ஆசிரியர் பாத்திரம் வாக்குக் கொடுக்கிற மாதிரி எழுதிவிடாதீர்கள்.

எட்டாம் படி: ஒத்திகை

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டர் முறை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். காட்சியை ஒருமுறை நடிக்கிறோம். மறுபடி நடிக்கும்போது பார்க்கிறவர் யாராவது ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, தோழியின் இடத்தில் நின்று வேறு மாதிரி முயலலாம். யாழினியாக நடிப்பவள் விட்டுக்கொடுக்கக்கூடாது, பொய் சொல்ல வேண்டும், கோபப்பட வேண்டும். வசனத்தில் எது வேலை செய்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மிளகாய் அள்ளுகிற யோசனை அப்படி மேடையேறிய ஒரு பெண்ணுடையது, என்னுடையது அல்ல.

ஒத்திகையில் யாராவது திடீரென்று வாயடைத்துப் போனால் காட்சியை நிறுத்திவிடுங்கள். எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதீர்கள். வேறு வேஷம் வேண்டுமென்றால் மாற்றிக்கொடுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் முதல் வாரமே அவரிடம் நாடகத்தைப் படிக்கக் கொடுத்துவிடுவது நல்லது.

கடைசிக் காட்சி

அவனைவிட்டு அவள் விலகி, தோழியைக் கட்டிப்பிடித்து அழுகிற முடிவை இரண்டாவது வடிவத்தில் வைத்திருந்தேன். கண்ணீர் வந்தது. பொய்யாகவும் இருந்தது. விலகுகிறவர்கள் போகிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடி போகிறார்கள். தோழியின் வேலை அவளை இழுத்துக்கொண்டு வருவது என்று எழுதினால், இழுத்தும் வராத தோழிகளை உடைய பிள்ளைகள் எல்லாரும் தங்கள் மேல் குற்றம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது இருக்கிற முடிவு இது. மொட்டை மாடி. ரம்யா மிளகாயை அள்ளிக்கொண்டிருக்கிறாள். மணி ஆறு இருபது. யாழினி படியேறி வந்து நிற்கிறாள். கையில் போன் இருக்கிறது. அது அதிர்கிறது. அவள் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை, கைப்பிடிச் சுவரில் வைக்கிறாள்.

ரம்யா: (நிமிராமல்) அந்த ஓரத்த நீ அள்ளு. கண்ணுல கைய வச்சிடாத.

இருவரும் அள்ளுகிறார்கள். போன் மறுபடி அதிர்கிறது. விளக்கு அணைகிறது.

எடுத்தாளா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போகிறார்கள். ஒரு தலைமையாசிரியர் முடிவைத் தெளிவாக்கச் சொன்னார். நாங்கள் மாற்றவில்லை.